தென்னங்காணியில் மாடு: யூரியாவும் புண்ணாக்கும் குறைய எதை நடலாம்?

குளோவர் என்ற அவரையினத் தீவனச் செடியின் விதை கொழும்பில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு மேலே நீங்கள் எழுதியிருப்பதையும் சேர்த்து வாசித்தால் உண்மையான கேள்வி வேறு. நீங்கள் வெள்ளவத்தையில் இருந்து வேலைக்குப் போகிறீர்கள். மாதம்பைப் பக்கம் ஏழு ஏக்கர் தென்னங்காணி, அதில் ஆறு ஜேர்சிக் கலப்புப் பசுக்கள், பார்த்துக்கொள்ள அங்கேயே ஒரு குடும்பம். புண்ணாக்கும் யூரியாவும் விலை ஏறி, பால் விற்ற காசு தீனிக்கே போய்விடுகிறது. நியூசிலாந்துப் பண்ணைக் காணொளி ஒன்றில் புல்லோடு குளோவரைச் சேர்த்து விதைத்து யூரியா இல்லாமலே மாடு மேய்ப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் அறிய விரும்புவது இதுதான்: பல வருடம் நிலைத்து நிற்கும் அவரையினத் தீவனப் பயிர்களை மேய்ச்சல் தரையில் வளர்த்தால் அந்த இரண்டு செலவும் குறையுமா, எவ்வளவு குறையும், உங்கள் காணிக்கு எந்தப் பயிர்? சூழலுக்கும் நல்லது என்கிறார்களே, அது எவ்வளவு உண்மை என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள்.

தீவனப் பயிர், மேய்ச்சல் தரை வேலையிலேயே பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். குறையும், நன்றாகவே குறையும். ஆனால் குளோவரால் அல்ல. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்தப் பயிர்களை முளைக்க வைப்பது பெரிய காரியம் இல்லை. மூன்றாம் வருடத்தில் அவை அந்த நிலத்தில் இருக்கின்றனவா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. நம் நாட்டில் இந்த முயற்சி தோற்ற இடங்களில் பெரும்பாலும் விதை தோற்கவில்லை, அதற்குப் பிறகு நடந்த மேய்ச்சல்தான் தோற்றது.

முதலில் குளோவர். வெண்குளோவர் குளிர்நாட்டுச் செடி. இலங்கையில் அதற்கு ஏற்ற இடம் நுவரெலியா, அம்பேவெல போன்ற மலை உச்சிப் பகுதிகள் மட்டுமே. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், மாதம்பை கடலோரத் தாழ்நிலம். அங்கே விதைத்தால் மழைக்கு முளைக்கும், முதல் வெயிலுக்குப் போய்விடும். காணொளியில் வராத விடயம் ஒன்றும் உண்டு. நியூசிலாந்திலேயே 1990களிலிருந்து பாற்பண்ணைகள் யூரியாவை அள்ளிப் போடத் தொடங்கியபோது புற்றரையில் குளோவர் குறைந்தது. 1996 இல் குளோவரின் வேரைத் தின்னும் ஒரு வண்டும் அங்கே கண்டுபிடிக்கப்பட்டு, நிலைமை இன்னும் கெட்டது. ஆற்று நீரில் நைத்திரேற்று கூடிக்கொண்டே போனதால், மேய்ச்சல் நிலத்துக்கு ஹெக்டயருக்கு வருடத்தில் 190 கிலோவுக்கு மேல் செயற்கை நைதரசன் போடக்கூடாது என்று 2021 ஜூலையிலிருந்து அரசே எல்லை வைத்தது. நீங்கள் பார்த்தது நல்ல பண்ணையாக இருக்கலாம். அந்த நாட்டிலும் இது சும்மா கிடைத்த வெற்றி இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

நிச்சயமாகத் தெரிந்தவற்றை முதலில் சொல்கிறேன். அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேரில் ரைசோபியம் என்ற பற்றீரியா குடியேறி முடிச்சுகளை உண்டாக்குகிறது. செடி அதற்கு வெல்லம் கொடுக்கிறது, அது காற்றில் இருக்கும் நைதரசனைச் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கிறது. இந்த வேலை நடக்கிறதா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. கொழும்பில் வீட்டு முற்றங்களிலும் ஹோட்டல் தோட்டங்களிலும் சிறு மஞ்சள் பூவோடு நிலத்தோடு படர்ந்திருக்கும் ஒரு செடி உங்களுக்குத் தெரிந்திருக்கும். அழகுக்கு வளர்க்கிறார்கள். அது அராக்கிஸ் பின்டோய், நிலக்கடலையின் பல்லாண்டு உறவுக்காரச் செடி, தென் அமெரிக்காவில் நல்ல மாட்டுத் தீவனம். ஈரமான நாளில் அதில் ஒரு கொடியை மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மெல்லிய வேர்களில் கடுகளவு உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இறைச்சிச் சிவப்பாக இருக்க வேண்டும். நம் இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஒரு சிவப்புப் பொருள்தான் அந்த நிறத்தைத் தருகிறது. சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் செடி இருக்கிறது, வேலை நடக்கவில்லை. பிற்பாடு உங்கள் காணியில் எதை நட்டாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்த மிக மலிவான பரிசோதனை இதுதான்.

எவ்வளவு நைதரசன்? அவரையினப் பயிரின் இலையும் தண்டுமாக, நீர் வற்றிய எடையில் ஒரு தொன்னுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ நைதரசன் காற்றிலிருந்து வருகிறது என்பது பல நாடுகளில் அளந்து கண்ட பொதுக் கணக்கு. உங்கள் காணியில் ஹெக்டயருக்கு வருடத்தில் இரண்டு மூன்று தொன் அவரையினம் வளர்ந்தால் 40 முதல் 75 கிலோ வரை வரும். யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஆக இது 90 முதல் 160 கிலோ யூரியா, அதாவது 50 கிலோ மூட்டை இரண்டு முதல் மூன்று. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பண்ணைக்காரர்கள் பட்டபாட்டைப் பார்த்த எவரும் இந்த மூன்று மூட்டையைச் சிறிதாக நினைக்கமாட்டார்கள்.

ஆனால் அந்த நைதரசன் அத்தனையும் பக்கத்துப் புல்லுக்கு உடனே போய்ச் சேராது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். உயிரோடு நிற்கும் செடி தன் வேரிலிருந்து பக்கத்துப் புல்லுக்குக் கொடுப்பது கொஞ்சம்தான். உதிர்ந்த இலை உக்கி, பழைய வேரும் முடிச்சும் அழுகி, மாடு தின்ற பின் சாணமாகவும் மூத்திரமாகவும் விழுந்துதான் பெரும்பங்கு புல்லுக்கு வருகிறது. அதற்கு ஒன்றிரண்டு வருடம் எடுக்கும். முதல் வருடத்திலேயே யூரியாவை முற்றாக நிறுத்திவிட்டு, புல் மஞ்சளாகிவிட்டது என்று அவரையினத்தைக் குறை சொல்வது நியாயம் இல்லை. மறுபக்கம், அவரையினம் நிற்கும் தரைக்குமேல் யூரியாவை வீசிக்கொண்டே இருந்தாலும் கெடுதல்தான். மண்ணில் நைதரசன் தாராளமாகக் கிடைத்தால் செடி காற்றிலிருந்து எடுப்பதைக் குறைத்துவிடும், புல் உயர்ந்து அதை மூடிவிடும். யூரியா போடுவதென்றால் வெட்டுப்புல் நிற்கும் துண்டுக்குப் போடுங்கள், கலப்புத் தரைக்கு வேண்டாம்.

உங்கள் பெரிய செலவு யூரியா அல்ல, புண்ணாக்கு. ஆகவே எனக்கு முக்கியமாகப் படுவது புரதம். மாட்டின் முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் புல்லின் நாரைச் செரிக்க வைக்கின்றன. தீனியில் புரதம் 7 வீதத்துக்குக் கீழே போனால் அவை பட்டினி கிடக்கும், மாடு வயிறு நிறையப் புல் முன்னால் இருந்தும் தின்பதைக் குறைத்துவிடும். வெயில் காலத்தில் முற்றிப்போன கினிப்புல்லும் வைக்கோலும் இந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த சி.ஓ.3 புல்கூட இளமையில் வெட்டினால்தான் நல்லது. ஆளுயரம் தாண்டி, தண்டு தடித்த பிறகு வெட்டினால் அளவு கூடும், சத்து இருக்காது. இந்த இடத்தில் அவரையின இலை வந்து சேரும்போது புல்லும் சேர்ந்து நன்றாகச் செரிக்கிறது.

உங்கள் காணிக்கு நான் முதலில் சொல்வது படர்கொடி அல்ல, அவரைக் குடும்பத்து மரம்: கிளிரிசிடியா. யாழ்ப்பாணத்துப் பக்கம் சீமைக்கிளுவை என்பார்கள். உங்கள் வேலியிலேயே ஏற்கெனவே நிற்கக்கூடும். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசு அதை 2005 இல் அறிவித்தது விறகையும் மின்சாரத்தையும் மனதில் வைத்துத்தான். எனக்கு அது எப்போதும் முதலில் மாட்டுத் தீனி. லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிறுவனம் தென்னைக்கு இடையில் இதை வளர்ப்பது பற்றி நெடுங்காலமாக வேலை செய்திருக்கிறது. உங்கள் காணியிலிருந்து அது தூரமும் இல்லை, ஒருநாள் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.

கணக்கைப் பாருங்கள். கிளிரிசிடியா இலையின் உலர் எடையில் 20 முதல் 25 வீதம் புரதம். எட்டு முதல் பத்துக் கிலோ பச்சை இலையில் உலர் எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் வரும், அதில் ஏறக்குறைய அரைக் கிலோ புரதம். இரண்டு கிலோ தேங்காய்ப் புண்ணாக்கில் கிடைக்கும் புரதமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் புண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் உண்டு, அது தரும் சக்தி இலையில் இல்லை. ஆகவே கன்று போட்டு முதல் இரண்டு மூன்று மாதம் பால் உச்சத்தில் இருக்கும் பசுவுக்குப் புண்ணாக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். பால் குறைந்த பசு, வற்றிய பசு, கிடாரிகள் ஆகியவற்றுக்குத்தான் இலை புண்ணாக்கின் இடத்தைப் பெருமளவு பிடிக்கும். ஆறு மாட்டில் எந்த நேரத்திலும் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலில்தான் இருக்கும், அதனால் மிச்சம் சிறிதல்ல.

ஒரு மரம் ஒருமுறை வெட்டும்போது மூன்று கிலோ இலையும் இளந்தண்டும் தருகிறது, வருடத்தில் நான்குமுறை வெட்டலாம் என்று வைத்தால் மரத்துக்குப் பன்னிரண்டு கிலோ. ஆறு மாட்டுக்கு நாளுக்கு எட்டுக் கிலோ வீதம் வருடத்துக்கு 17,500 கிலோ வேண்டும், அதற்கு ஏறத்தாழ 1,460 மரம். ஏழு ஏக்கர் சதுரமாக இருந்தால் சுற்றளவு 670 மீற்றர் வரும். அரை மீற்றர் இடைவெளியில் தடி நட்டால் வேலியே 1,300க்கு மேல் மரத்தைத் தரும். மிச்சத்தைத் தென்னை வரிசைகளின் நடுவே இரட்டை வரிசையாக நட்டுக்கொள்ளலாம். மரத்துக்கு மூன்று கிலோ என்பது நடுத்தரக் கணக்கு. நிழலிலும் மணலிலும் குறையும், வெளிச்சமும் ஈரமும் உள்ள இடத்தில் கூடும். உங்கள் இடத்துக்கு எது சரி என்பதை முதல் வெட்டை ஒரு தராசில் நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தடி, மணிக்கட்டுத் தடிப்பில், ஒரு மீற்றருக்குக் குறையாமல், முற்றிய கிளையாக இருக்க வேண்டும். அடியைச் சாய்வாக வெட்டி, பட்டை உரியாமல் நடுங்கள். உங்கள் பக்கத்துக்கு ஒக்டோபர் மழை தொடங்கும் நேரம் மிகவும் நல்லது, சித்திரை மழை இரண்டாவது. முதல் வருடம் முழுவதும் வெட்ட ஆசைப்பட வேண்டாம். அதன் பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். வெட்டாமல் விட்ட மரம் வெயில் காலத்தில் இலையைக் கொட்டிப் பூத்துவிடும், அதாவது உங்களுக்கு இலை மிகவும் தேவைப்படும் மாதத்தில் மரம் மொட்டையாக நிற்கும். மழை முடியும் தறுவாயில் ஒருமுறை கவாத்துப் பண்ணினால் வறட்சியிலும் பச்சை நிற்கும்.

மாடு தின்னவில்லை என்று இரண்டாம் நாளே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அந்த இலையில் கூமரின் என்ற பொருள் இருக்கிறது, பழகாத மாடு அந்த வாசனைக்கு முகத்தைத் திருப்பும். முதல் நாள் மாலை வெட்டி, நிழலில் பரப்பி வாட வைத்து, மறுநாள் காலை நறுக்கிய புல்லோடு கலந்து கொஞ்சமாகப் போடுங்கள். தவிட்டை மேலே தூவினால் இன்னும் சுலபம். ஏற்கெனவே தின்று பழகிய மாடு ஒன்று பட்டியில் இருந்தால் அதைப் பார்த்து மற்றவையும் தின்னும். இரண்டு கிழமையில் பெரும்பாலும் எல்லாம் பழகிவிடும். வாட வையுங்கள், ஆனால் குவித்துப் புழுங்க விடாதீர்கள். பூஞ்சணம் பிடித்த கிளிரிசிடியாவில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் உண்டாகக்கூடும், அதை மாட்டுக்குப் போடவே கூடாது. மொத்தத் தீனியில் உலர் எடைப்படி மூன்றில் ஒரு பங்குக்குமேல் போக வேண்டாம். குதிரைக்கு இந்த இலை ஆகாது. கல்பிட்டிப் பக்கம் மட்டக்குதிரை வைத்திருக்கும் உறவினர் யாரும் இருந்தால் சொல்லி வையுங்கள்.

இனி நிலத்தில் படரும் பயிர்கள். தென்னைக்கு வயது என்ன என்று நீங்கள் எழுதவில்லை, அதைப் பொறுத்துத்தான் பதில். நட்டு ஐந்து வருடம் ஆகாத தென்னைக்குள் மாட்டை விடவே கூடாது. ஐந்து முதல் இருபது வரை ஓலை தாழ்ந்து நிழல் அடர்ந்திருக்கும், கீழே எதுவும் செழிக்காது. இருபத்தைந்து தாண்டினால் வெளிச்சம் மறுபடி இறங்கும், மேய்ச்சலுக்கு அதுதான் நல்ல காலம். அந்த வயதுத் தோப்பானால் பிரக்கேரியாப் புல்லோடு சென்றோசீமா, பியூரேரியா ஆகிய கொடிகள் சேரும். இரண்டும் தென்னை, இறப்பர்த் தோட்டங்களில் நிலமூடியாகப் பழக்கமானவை. பியூரேரியாவை மாடு விரும்பித் தின்னும், ஆனால் மரத்தில் ஏறும், மாதம் ஒருமுறை அடிமரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். நிலமூடியாகப் போடும் இன்னொரு கொடி கலப்பகோனியம். அதில் மயிர் அதிகம், மாடு பிடிக்காது, உங்களுக்கு அது வேண்டாம். நான் மேலே சொன்ன அராக்கிஸ் நிழலையும் மிதியையும் தாங்கும், வளர மெதுவாக இருந்தாலும் ஊன்றிவிட்டால் போகாது. பத்தரமுல்லைப் பக்கத்து நாற்றுமேடைகளில் பையோடு விற்பார்கள். ஏழு ஏக்கருக்கு அப்படி வாங்க முடியாது. சில பைகளை வாங்கி ஒரு மூலையில் பெருக்கி, கொடியை வெட்டி வெட்டி நட்டுக்கொண்டே போகலாம். வெயில் விழும் திறந்த மணல் துண்டு இருந்தால் ஸ்டைலோ, தமிழ்நாட்டில் முயல்மசால் என்கிறார்களே, அது நல்லது. வேலியோரத்தில் சங்குப்பூக்கொடிகூட நல்ல தீவனம்தான். சாமிக்குப் பூவும் மாட்டுக்குக் கொடியும் என்று இரண்டுக்கும் ஆகும்.

இப்போது மூன்றாம் வருடத்துக்கு வருகிறேன். சிராட்ரோ என்று ஒரு கொடி. ஆஸ்திரேலியாவில் ஹட்டன் என்ற விஞ்ஞானி கலப்புச் செய்து 1960 இல் வெளியிட்டார். வெப்பநாட்டு மேய்ச்சல் தரையின் விடிவு அதுதான் என்று அன்று பலர் நம்பினார்கள். விதைத்த இடமெல்லாம் அழகாக வந்தது. மாட்டைக் கூட்டி மேயவிட்ட இடமெல்லாம் சில வருடத்தில் காணாமல் போனது. காரணம் எளியது. இந்தக் கொடிகள் வளரும் மொட்டைத் தலைப்பில் வைத்திருக்கின்றன, மாடு முதலில் கடிப்பதும் அதைத்தான். புல் அடியிலிருந்து மறுபடி வரும், கொடியால் அவ்வளவு வேகமாக முடியாது. விதை விழவும் நேரம் கிடைக்காவிட்டால் இருந்த கொடி சாகும்போது அடுத்தது இல்லை. அதே ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் ஸ்டைலோ என்ற வகை பெரும் பரப்பில் நின்றது, 1970களில் அந்திரக்னோசு என்ற பூஞ்சண நோய் வந்து துடைத்துவிட்டது. அது ஒரே வகையை நம்பியதற்குக் கொடுத்த விலை. இந்த இரண்டு கதையையும் ஒன்றாக வைத்துத்தான் நான் எவருக்கும் ஆலோசனை சொல்வது: ஒரு தரையில் இரண்டு மூன்று வகை, வளர்ச்சி வேறுபட்டவையாகச் சேருங்கள், மாட்டை வருடம் முழுவதும் ஒரே இடத்தில் விடாதீர்கள்.

நடைமுறையில், தோப்பை ஐந்தாறு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு கிழமைக்குள் மேய்த்து எடுத்துவிட்டு, நான்கைந்து கிழமை ஆற விடுவது. கிளிரிசிடியா வேலியே துண்டுகளைப் பிரிக்கும் வேலியாகவும் நிற்கும். மாடு கொடியை ஒட்டக் கடிக்கும்வரை விட வேண்டாம், கையளவு உயரம் இருக்கும்போதே மாற்றுங்கள். வருடத்தில் ஒருமுறை, பூத்துக் காய்க்கும் காலத்தில், ஒவ்வொரு துண்டுக்கும் முறைவைத்து முழு ஓய்வு கொடுத்தால் விதை விழும். உங்கள் காணியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு இதன் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் வெள்ளவத்தையில் இருந்து தொலைபேசியில் 'இன்றைக்கு மாற்றுங்கள்' என்று சொல்லி இது நடக்காது. கொடியின் உயரத்தைப் பார்த்து முடிவெடுப்பவர் நிலத்தில் நிற்பவர்தான். மிச்சமாகும் புண்ணாக்குக் காசில் அவர்களுக்கும் ஒரு பங்கு வையுங்கள் என்று துணிந்து சொல்வேன்.

பொசுபரசைப் பற்றி ஒரு பேச்சு. காற்றிலிருந்து நைதரசன் வரும், பொசுபரசு வராது. முடிச்சு வேலை செய்ய அது வேண்டும், நம் மண்ணில் பல இடங்களில் குறைவு. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலப் பாறைப் பொசுபேற்று நம் நாட்டுச் சரக்கு. மெதுவாகக் கரைவதால் நெல் போன்ற குறுங்காலப் பயிருக்கு அவ்வளவு உதவாது. பல்லாண்டுப் பயிருக்கும், மண் புளிப்பாக உள்ள இடத்துக்கும் பொருந்தும். உங்கள் மண் புளிப்பா இல்லையா என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். இங்கே உட்கார்ந்து இத்தனை கிலோ போடுங்கள் என்று நான் எண் சொன்னால் அதை நம்பாதீர்கள்.

இதைவிட அடிக்கடி மறக்கப்படுவது சாணம். நாளுக்கு ஐம்பது கிலோ இலையைத் தோப்பிலிருந்து வெட்டிக் கொட்டிலுக்குக் கொண்டுபோகிறீர்கள். மாடு தின்ற நைதரசனில் முக்கால் பங்குக்கு மேல் சாணத்திலும் மூத்திரத்திலும் வெளியே வருகிறது, பொற்றாசியம் இன்னும் அதிகப் பங்கு வருகிறது, அதிலும் மூத்திரத்தில். அது கொட்டிலுக்குப் பின்னால் குவிந்தோ கானில் வடிந்தோ போனால், நீங்கள் தென்னையின் சாப்பாட்டை வருடாவருடம் எடுத்து ஒரு மூலையில் வீணாக்குகிறீர்கள். தென்னை பொற்றாசியத்துக்கு ஏங்கும் மரம். சில வருடத்தில் தேங்காய் குறையும், கிளிரிசிடியா தென்னையை உறிஞ்சிவிட்டது என்று ஊர் சொல்லும். சாணத்தையும் கழுவும் தண்ணீரையும் முறைவைத்துத் தென்னை அடிக்கும் கிளிரிசிடியா வரிசைக்கும் திருப்பிக் கொடுங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாமல் நிலைபேறான பண்ணை என்ற பேச்சுக்கே இடமில்லை.

இபில்-இபில் என்ற அவரைக் குடும்பத்து மரத்தை நடலாமா என்று இன்னொருவர் உங்கள் கேள்விக்குக் கீழே கேட்டிருக்கிறார். சத்தில் அது கிளிரிசிடியாவுக்குக் குறைந்ததல்ல, மாடு விரும்பியும் தின்னும். ஆனால் அதில் மிமோசின் என்ற நஞ்சு உண்டு. அதிகம் போட்டால் மயிர் உதிரும், கழுத்துச் சுரப்பி வீங்கும், எடை குறையும். 1980களில் ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, ஹவாய்த் தீவு ஆடுகள் இதைத் தின்று நன்றாக இருப்பதைக் கவனித்து, அவற்றின் வயிற்றில் அந்த நஞ்சை உடைக்கும் பற்றீரியா இருப்பதைக் காட்டினார். அவர் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. உங்கள் மாட்டில் அது இருக்கிறதா என்று தெரியாத நிலையில் மொத்தத் தீனியில் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம். கடலோர மணலில் விதை கொட்டிப் பரவியும் விடும், காய்க்கும் முன் வெட்டுவேன் என்ற உறுதி இருந்தால் மட்டும் நடுங்கள்.

சூழலைப் பற்றிய கேள்வியில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். யூரியா தயாரிக்க இயற்கை எரிவாயு எரிகிறது, கப்பலில் வருகிறது, டொலர் போகிறது. அதைக் குறைப்பது நிச்சயமான நன்மை. யூரியாவை ஒரேயடியாக வீசும்போது மண்ணிலிருந்து பூமியைச் சூடாக்கும் நைத்திரசு ஒட்சைட்டு வாயு எழுகிறது, நிலத்தடி நீருக்கு நைத்திரேற்று வடிகிறது. யூரியா குறைந்தால் இந்த இரண்டும் குறையும். உங்கள் காணி மணல், கிணறும் பக்கத்தில் இருக்கும், ஆகவே அது உங்கள் வீட்டுக் குடிநீர் விடயமும்கூட. மாடு விடும் மெதேன் குறையுமா என்பதில் நான் அவ்வளவு துணிந்து பேசமாட்டேன். தனின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள அவரையினங்களையும் இபில்-இபிலையும் கொடுத்த சோதனைகள் பலவற்றில் குறைந்திருக்கிறது, ஆனால் அளவு சோதனைக்குச் சோதனை வேறுபடுகிறது. தீனி நல்லதாகி ஒரு பசு அதிகமாகப் பால் தந்தால் ஒரு லீற்றருக்கான மெதேன் குறையும் என்பது மட்டும் உறுதி. மண்ணில் காபன் சேரும் என்று பெரிய எண்களோடு வரும் விளம்பரங்களை எச்சரிக்கையோடு வாசியுங்கள். மணல் மண்ணில் சேருவதும் மெதுவாகத்தான், உழுதால் போவதும் விரைவாகத்தான்.

குளோவர், குதிரைமசால் போன்றவற்றை ஈரத்தோடு பசித்த மாட்டுக்கு அவிழ்த்துவிட்டால் வயிறு நுரைகட்டி ஊதும், இடதுபக்க விலா மத்தளமாக எழும்பும், சில மணித்தியாலத்தில் மாடு செத்துப்போகும். மலையகத்தில் குளோவர் வளர்ப்பவர்கள் மாட்டுக்கு முதலில் வைக்கோலோ புல்லோ கொடுத்துப் பசியடக்கிவிட்டு விட வேண்டும். நான் உங்களுக்குச் சொன்ன வெப்பநாட்டு வகைகளில் இந்த ஆபத்து மிகக் குறைவு. இருந்தாலும் இடதுவயிறு ஊதினால் இணையத்தில் கேட்காமல் உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

விதை விடயத்துக்கு வருகிறேன். கிளிரிசிடியாவுக்குக் கடை வேண்டாம், அயலவரின் வேலியில் கேட்டாலே தடி தருவார்கள். சென்றோசீமா, ஸ்டைலோ விதைகளுக்கு உங்கள் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்தில் பெயரைப் பதிந்து கேளுங்கள், கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தையும் விசாரிக்கலாம். இந்த விதைகளின் தோல் கடினம். கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் ஆறவைத்து ஊற்றி, சில நிமிடத்தில் வடித்து, இரவு முழுவதும் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டு, ஊதிப் பெருத்தவற்றை விதையுங்கள். அதே செடி ஏற்கெனவே நிற்கும் இடத்து மண்ணை ஒரு பிடி கலந்தால் பற்றீரியாவும் கூடப் போகும். மெல்பேர்னில் இருக்கும் அண்ணாவிடம் சொல்லிப் பொதியில் விதை எடுப்பிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் விதை கொண்டுவர முடியாது. அனுமதி பற்றிக் கட்டுநாயக்கவிலுள்ள தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவையில் கேட்க வேண்டும். தென்னையின் வயதையும் மண் பரிசோதனை முடிவையும் இதே இழையில் போடுங்கள். எந்தத் துண்டில் எந்தக் கொடி, எத்தனை வரிசை என்று அப்போது இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும். ஒக்டோபர் மழைக்கு முன் தடி வெட்டி வைக்க வேண்டும் என்பதால் அதிகம் தாமதிக்க வேண்டாம்.